ராசம்மாக்கா வீட்டை நான் எடுத்த கதை

காப்பி பூத்திருந்த வாரம் அது. ஜீப்பை விட்டு இறங்கியதும் மல்லிகை மாதிரி ஒரு வாசம்... தலையே கிறுகிறுத்துவிட்டது.

கட்டிடங்களைப் படம் எடுப்பதுதான் என் தொழில். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் புதிதாகக் கட்டிய கெஸ்ட் ஹவுஸ். ஹால் முழுக்கக் கண்ணாடி. வெளியே மலை.

ஒரே ஒரு சிக்கல். கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு சின்ன ஓட்டு வீடு. நீலச் சுவர், கொடியில் துணி.

அது ராசம்மாக்காவுக்கு எஸ்டேட் கொடுத்திருந்த வீடு. படம் எடுத்த மூன்று நாளும் எனக்குக் காப்பி கொண்டுவந்தவர் அவர்தான். கேமரா ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தவருக்கு வாயெல்லாம் பல்.

"ஏஞ்சாமி, எங்க ஊட்டையும் எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேங்க அக்கா."

படங்களைப் பார்த்துவிட்டு, எனக்கு வேலை கொடுத்த ஆர்க்கிடெக்ட் போன் செய்தார். "பிரமாதம் தம்பி! எதுத்தாப்ல இருக்கற அந்த வீட்டை மட்டும் எடுத்துருங்க."

எடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓடு ஓடாக அழித்தேன். அந்த இடத்தில் நாலு சில்வர் ஓக் மரம், கொஞ்சம் பனி. எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு அப்படி ஒரு திமிர். அந்த ஒரு படத்தால்தான் மேற்கொண்டு வேலைகள் வந்தன.

இரண்டு வருடம் கழித்து அதே ஹால். டிரைபாடை நிறுத்தி, கேமராவில் கண்ணை வைத்தேன்.

வீடு இல்லை.

பழைய படத்தைத்தான் பார்க்கிறேனோ என்று ஒரு நொடி குழம்பி, கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். மண்ணைச் சமப்படுத்தி, சில்வர் ஓக் கன்று நட்டிருந்தார்கள். நான் வைத்த அதே இடத்தில்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டேன்.

"அதுங்களா... உங்க படத்தத்தான் பெருசா மாட்டியிருந்தோமுங்க. மொதலாளி அதையே பாத்துட்டு, படத்துல இருக்கறாப்பலயே பண்ணீருங்கன்னுட்டாருங்க."

ராசம்மாக்கா கிளியூரில் மகள் வீட்டில் இருந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவரோ கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி! அந்த ஊட்ட இடிச்சுப் போட்டாங்க சாமி... நல்லவேளை, நீங்க எடுத்து வெச்சிருக்கறீங்க. ஒரு படம் குடுங்க, பேரனுக்குக் காட்டோணும்."

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அசல் ஃபைலை எல்லாம் அப்போதே டெலீட் செய்திருந்தேன். வீடு இல்லாத படம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

அப்போதெல்லாம் ஃபிரேமில் ஒரு துணிக்கொடி தெரிந்தாலே கை துறுதுறுக்கும். இப்போது ஒயர், வாட்டர் டேங்க், பக்கத்து வீடு எல்லாம் அப்படியே இருக்கும். பிடிக்காத கிளையண்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

போன வாரம்கூட அக்கா போன் செய்தார்.

"தேடிக்கிட்டே இருக்கேங்க அக்கா" என்றேன்.