பத்தாம் நாள் பால்

ஒரு ஆள் செத்துப்போனால் எத்தனை நாளில் ஊருக்குத் தெரியவரும்? நீங்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் நான்கு நாள். மாடுகள் தாகத்தில் கத்தி, அந்தச் சத்தம் பெரிய வீதிவரை போய், யாராவது எட்டிப் பார்க்க அவ்வளவு நாளாவது ஆகும்.

எங்கள் சபையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். கடைசி வரிசையில் இருந்து முணுமுணுக்கிற ஆள். ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல எழும்புகிற ஆள் அல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

நான் நெடுந்தீவில் தனியாக இருக்கிறேன். மூன்று மாடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்து ஐந்து வருடம். பெரிய வீதியிலிருந்து பிரிகிற எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடு, அதில் ஐந்து பூட்டிக் கிடக்கிறது. வெளிநாடு போன சொந்தக்காரர் முதலில் மாதத்துக்கு ஒருமுறை போன் எடுத்தார்கள். பிறகு கிறிஸ்துமஸுக்கு. பிறகு அதுவும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. எடுத்தாலும் நான் சிடுசிடு என்றுதான் கதைப்பேன்.

சபைக்கு வந்துகொண்டிருந்தவள் என் மனைவிதான். அவள் போன பிறகு நானும் வரத் தொடங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், பிரசங்கம் கேட்க வரவில்லை. மனிதச் சத்தம் கேட்க வந்தேன். மாட்டோடு எவ்வளவு நேரம்தான் கதைக்கலாம்?

ஒருநாள் போதகர் தசமபாகம் பற்றிப் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"ஐயா, என்னட்டக் காசு இல்லை. இல்லாதவன் எதில பத்தில ஒண்டு குடுக்கிறது?"

அவர் சிரித்தார். "காசை ஆர் கேட்டது அண்ணை? மாடு பால் தருதோ?"

"ஓம், தருது."

"அப்ப பத்தாம் நாள் பாலை ஆண்டவருக்குக் குடுங்கோ. நான் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்காப் படகில வாற ஆள், என்னட்டக் கொண்டுவர வேண்டாம். உங்களுக்குத் திருப்பித் தர ஏலாத ஒரு வீடாப் பாத்துக் குடுங்கோ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கலண்டரில் பத்து நாளுக்கு ஒரு வட்டம் போட்டேன். ஒன்பது நாள் பால் படகுத் துறையடித் தேநீர்க்கடைக்கு. பத்தாம் நாள் பால் றெஜினா அக்கா வீட்டுக்கு. அவரது கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார். அக்கா யாரோடும் அதிகம் கதைக்க மாட்டார். அதற்காகவே அந்த வீட்டைத் தெரிந்தெடுத்தேன். நன்றி, உபசாரம் ஒன்றும் எனக்கு வேண்டாம். மனைவி இல்லாதவன் ஒரு வீட்டு வாசலில் நின்று கதைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணமும் இருந்தது. விடியற்காலையில் போய் வாசல் படலையில் போத்தலைத் தொங்கவிட்டுவிட்டு வந்துவிடுவேன். அடுத்த முறை போகும்போது அந்தப் போத்தல் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வருடம் ஆடி மாதம். மழை இல்லை. கிணறு உவர்த்துப்போனது. மூன்று மாட்டில் ஒன்றுதான் கறந்தது, அதுவும் ஒரு போத்தல். அந்த நேரம் பார்த்துத் தீவைப் பார்க்க வருகிற சனம் கூடிவிட்டது. "அண்ணை, ஒரு நாளும் விடாமல் தாங்கோ, இரட்டை விலை தாறன்" என்றார் தேநீர்க்கடைக்காரர். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் கையில் காசில்லாத நேரம் அது.

வட்டம் போட்ட நாள் வந்தது. போத்தலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு துறைப் பக்கம்தான் போனேன். றெஜினா அக்கா வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் கால் ஓடவில்லை. இறங்கி நின்று, நடுவீதியில், சத்தமாகவே ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "உமக்கு வேற ஆக்களே கிடைக்கேல்லையோ? ஒரு போத்தல் பால் உள்ளவனிட்டயோ கை நீட்டுறீர்?" காற்றுத்தான் அடித்தது. வெறுப்போடுதான் சைக்கிளைத் திருப்பினேன். மனமுவந்து கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

அதிலிருந்து பத்து நாள் கழித்து, பால் கறக்க முதல், மாட்டுக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். கால் வழுக்கியது. சீமெந்துக் கட்டில் இடுப்பு அடிபட விழுந்தேன். எழும்ப ஏலவில்லை. போன் வீட்டுக்குள், மேசையில். கத்தினேன். சோழகக் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போனது. பூட்டிய வீடுகளுக்கு என்ன கேட்கும்?

வெயில் ஏறியது. பால் கட்டிய மாடு கதறியது. வாளித் தண்ணீர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எனக்கு என் நான்கு நாள் கணக்கு நினைவு வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒருநாளும் அழவில்லை. வலியால் அல்ல. இந்த உலகத்தில் என்னைத் தேட ஒரு மனிதன் இல்லையே என்றுதான் அழுதேன். அன்றைக்கு எனக்குச் சண்டை பிடிக்கவும் பலமில்லை. "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும். வேற ஒண்டும் கேக்கேல்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையில் மயக்கமாகவும் இருந்திருக்கிறேன்.

பின்னேரம் நான்கு மணி இருக்கும். படலை திறக்கிற சத்தம். தலையைத் திருப்பினேன். றெஜினா அக்கா. ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் கழுவிய வெறும் போத்தல்.

"ஐயோ கடவுளே!" என்று ஓடிவந்தார். வாயில் தண்ணீர் ஊற்றினார்.

நான் சொன்ன முதல் வார்த்தையைக் கேட்டால் சிரிப்பீர்கள். "இண்டைக்குப் பால் கறக்கேல்லை அக்கா."

"உம்மட பாலை ஆர் இப்ப கேட்டது! பத்தாம் நாளெல்லே இண்டைக்கு. விடிஞ்சதில இருந்து படலையையே பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் தவறவிடுற ஆள் இல்லை. மனம் கேக்கேல்லை. இவரோட இருக்க ஒரு ஆளைப் பிடிச்சு விட்டிட்டு நடந்து வாறன்."

வீதிக்கு ஓடி, கத்தி, இரண்டு பேரைக் கூட்டிவந்தார். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, படகில் ஏற்றி, யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒருநாள் கிடந்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன் என்று டொக்டர் சொன்னார்.

தேநீர்க்கடைக்காரர் பிறகு பார்க்க வந்தார். நல்ல மனிதர். "பால் வரேல்லை எண்டதும் வேற ஆருக்கோ குடுக்கிறியள் எண்டு நினைச்சிட்டன் அண்ணை" என்றார். அவரில் பிழை இல்லை. விற்ற பாலைத் தேடி யாரும் வரவில்லை. கொடுத்த பாலைத் தேடித்தான் ஒரு ஆள் வந்தது. அன்று சந்தியில் நான் துறைப் பக்கம் போயிருந்தால், கொடுக்கிறதை நிற்பாட்டிவிட்டேன் என்று அக்காவும் நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தடியோடு வீடு வந்தேன். மாடுகள் மூன்றும் சுகமாக நின்றன. அக்காவே வந்து கறந்து, விற்று, புண்ணாக்கும் வாங்கிப் போட்டிருந்தார்.

"பத்தாம் நாள் பாலை உங்களுக்கு எடுத்தனீங்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"அது ஆண்டவருக்கு எண்டு நேந்ததெல்லே? உம்மட போதகர் சொன்னவர். அடுத்த வீட்டுக் கிழவிக்குக் குடுத்தனான். வேற என்ன செய்யிறது?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

பத்துக் கொடுத்தால் நூறு வரும் என்று சொல்ல நான் எழும்பவில்லை. என் மாடு இன்றைக்கும் அதே பால்தான் தருகிறது. வீடும் முன்போலத்தான். ஒன்பது நாள் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்தாம் நாள் படலையைத் திறந்து உள்ளே போகிறேன். அக்கா தேத்தண்ணி போடுவார். அவரது கணவர் படுத்தபடியே மாட்டுச் சுகம் விசாரிப்பார். ஊர் என்ன சொல்கிறதோ சொல்லட்டும்.

உங்களிடம் காசு இல்லாவிட்டால் முட்டை இருக்கும், மீன் இருக்கும், நேரமாவது இருக்கும். அதில் ஒரு பங்கைப் பயப்படாமல் ஆண்டவர் கையில் விடுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது படலையில் வைத்துவிட்டு ஓடிவராதீர்கள். நின்று ஒருமுறை கூப்பிடுங்கள். இரண்டு வருடம் கூப்பிடாமல் திரும்பிவந்தவன் சொல்கிறேன்.