புனிதையின் பெட்டியை வலம் வந்த நாட்கள்

அந்தப் பெட்டி ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும். சாய்வான கூரை, கூரையின் விளிம்பெல்லாம் பூ வேலை, இரண்டு நீளப் பக்கங்களிலும் மும்மூன்று படங்கள். மரத்தின் மேல் வண்ணம் தீட்டி, வானம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தங்கம் பூசியிருந்தார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தியது, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது என்று மடத்து சிஸ்டர் சொல்வார். உள்ளே ஒரு புனிதையின் எலும்பு இருந்தது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவள் பெயருக்கு என் நாக்கு வளையவில்லை. முகம் மட்டும் இன்றைக்கும் அடையாளம் தெரியும். நீள முகம், புருவமே இல்லாத நெற்றி, எதற்கும் ஆச்சரியப்படாத கண்.

மாண்ட்ரியாலில் மெட்ரோ ஓடத் தொடங்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சினீயர். லாசாலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அந்த மார்கழியில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள், போய்விட்டாள். பச்சைக் குழந்தையைப் புதைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் தரை பாறையாக உறைந்து கிடந்தது. பனி உருகினால்தான் குழி தோண்ட முடியும் என்று இடுகாட்டிலேயே ஒரு கல் கட்டடத்துக்குள் பெட்டியோடு வைத்துவிட்டார்கள். நாலு மாதம் என் மகள் அங்கே காத்திருந்தாள்.

எங்கள் சன்னலுக்கு எதிரே ஒரு கன்னியர் மடம். சமையலும் துவையலும் பார்த்துக்கொண்டிருந்த வயதான சிஸ்டர் ஒருவர், வாசலில் பனி தள்ளும்போது அண்ணாந்து என்னைப் பார்ப்பார். ஒருநாள் கையைக் காட்டிக் கூப்பிட்டு சூப் கொடுத்தார். சும்மா உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட எனக்கு வராது. வேலை கொடுங்கள் என்றேன். மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்து, பிரார்த்தனைக் கூடத்தின் நடுவில் இருந்த அந்தப் பெட்டியைக் காட்டினார். படத்தில் கை படாமல் பீடத்தை மட்டும் துடைக்க வேண்டும். “எஞ்சினீயர் வீட்டம்மா மடத்துல தூசி தட்டப் போறாங்களாம்” என்று நம்மவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். குழந்தை போனதை சிஸ்டரிடம் நான் சொல்லவில்லை. இரக்கம் வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

எதைச் சுற்றினாலும் வலமாகச் சுற்றித்தான் பழக்கம். கதவுப் பக்கத்து மூலையில் ஆரம்பிப்பேன். அங்கிருந்த படத்தில் நாலு பெண்கள் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு எலும்பை ஏந்தியிருப்பார்கள். அடுத்ததில் புனிதை கண்மூடிக் கட்டிலில் கிடப்பாள். அதற்கடுத்ததில் எழுந்து நோயாளிகளின் காலைக் கழுவுவாள். மறுபக்கம் போனால் படகில் வருவாள். பிறகு தகப்பன் வீட்டு வாசலில் நிற்பாள். கடைசிப் படத்தில் கைக்குழந்தையாகித் தாயின் மடியில் இருப்பாள், தாதி வெந்நீர் விளாவிக்கொண்டிருப்பாள். பெட்டியிலிருந்து எழுந்து, சின்னவளாகிச் சின்னவளாகி, அம்மாவிடம் வந்து சேர்ந்த பெண். அதனால்தான் இவளைக் கும்பிடுகிறார்கள், கும்பிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலத்தை அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

மாசி கடைசியில் ஒருநாள், ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் பிரெஞ்சையும் இரண்டு கையையும் வைத்து, படம் படமாகக் காட்டி இந்தக் கதையை சிஸ்டருக்குச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“ஐயோ மதாம், முழுக் கதையையும் தலைகீழா பாத்திருக்கீங்க! குழந்தைதான் முதல். நீங்க ஆரம்பிக்கிற இடம்தான் முடிவு. எலும்பை வெளியே எடுக்கலை, உள்ளே வைக்கிறாங்க.”

துணியை பீடத்தின் மேல் வைத்தேன். “அப்படின்னா அவ திரும்பி வரலையா?” என்று கேட்டேன். கேட்ட பிறகு குரல் என் வசத்தில் இல்லை. பதினோரு நாளும், கல் கட்டடமும், எல்லாம் தமிழிலேயே வாயிலிருந்து கொட்டிவிட்டது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சிஸ்டருக்குப் புரிந்தது. சிரித்த வாயைக் கையால் மூடிக்கொண்டார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பனி உருகி, மகளைப் புதைத்துவிட்டு வந்த வாரம், சிஸ்டர் ரொட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“மதாம், நான் யோசிச்சுப் பாத்தேன். கடைசி நாள்ல எல்லாரும் எலும்பிலேர்ந்து எழுந்து வருவாங்கன்னுதான் எங்க வேதமும் சொல்லுது. நீங்க பாத்ததும் தப்பில்லை.”

“அதுவரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை சிஸ்டர்.”

“எனக்கு மட்டும் இருக்கா? எங்கம்மா செத்தப்போ இதையே சொல்லித்தான் மடத்துத் தலைவி மதர்கிட்ட திட்டு வாங்கினேன்.”

அப்போது நான் சிரித்திருக்க வேண்டும். உள்ளே வாருங்கள் என்று ஒரு காபி போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ரொட்டியை வாங்கிக்கொண்டு, மெர்சி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். விஷயம் தெரியாமல் சிரித்தவர்தான். தெரியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தும் மனம் இறங்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் பனி தள்ளும்போது அண்ணாந்து பார்ப்பார். நான் திரையை இழுத்துவிடுவேன்.

எழுபதுகளில் மடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இளம் சிஸ்டர்கள் அங்கியைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒருநாள் காலையில் ஒரு வண்டி வந்து வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போனது. லவாலில் ஏதோ முதியோர் இல்லமாம். சன்னலில் நின்று பார்த்தேன். இறங்கிப் போக மூன்று மாடிதான். போகவில்லை. இரண்டு வருடம் கழித்து, அவர் இறந்துவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

பெட்டியை அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் மெட்ரோ ஏறித் தனியாகப் போனேன். கூடத்தின் நடுவில், கண்ணாடிக்குள் இருந்தது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சுற்றி வர, நான் கைத்தடியோடு எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். காவலுக்கு நின்ற பெண் பக்கத்தில் வந்து, “மதாம், கதை அந்தப் பக்கத்திலேர்ந்து ஆரம்பிக்குது” என்றாள்.

“தெரியும்மா. ஒரு சிஸ்டர் எனக்குச் சொல்லியிருக்காங்க” என்றேன்.

குழந்தை மடியில் இருக்கிற படத்துக்கு வந்ததும் நின்றுகொண்டேன். மூலை திரும்பி இன்னும் ஓர் அடி வைத்தால் மறுபடியும் அந்த நாலு பெண்களும் எலும்பும்தான். எதிரே வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.