தொப்பி கொடுத்த வாக்கு

நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பதினாறு பேர் கொடிக்கம்பத்துக்குக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வகுப்புக்குப் போகமாட்டோம் என்றார்கள். மணி அடித்துப் பார்த்தோம். கெஞ்சிப் பார்த்தோம். ஒருவரும் அசையவில்லை.

மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. அந்த வேலைநிறுத்தத்தைக் கிளப்பிவிட்டவள் நான்தான். கண்மையில் வரைந்த மீசையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

1. ஏரோது ராஜாவுக்கு வேலை கிடைத்தது

என் பெயர் மேரி. ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததாக நினைவில்லை. பத்தாங் காலியில் செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாகான் நக்கோடா ஓமாரில் இறால் தலை கிள்ளினேன். கோலா சிலாங்கூரில் ஒரு பாய் கடையில் தட்டு கழுவினேன். கடைசியாக இந்தப் பள்ளியின் கேன்டீனில் மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன்.

நான்காம் ஆண்டுக்கு வரலாறு எடுப்பவர் கவிதா டீச்சர். ஒருநாள் கேன்டீனுக்கு வந்தார்.

"ஆன்ட்டி, சர்ச் கிறிஸ்மஸ் நாடகத்துல நீங்கதான் ஏரோது ராஜாவாமே?"

"ஆம்பளைங்க யாரும் ஒத்திகைக்கு வரல டீச்சர். என்ன செய்றது?"

"நல்லா அதட்டுவீங்களாமே?"

"எட்டு மண்டோருக்குக் கீழ வேலை செஞ்சிருக்கேன். எட்டு விதமா அதட்டுவேன்."

அன்றைக்கே வேலை முடிவாகிவிட்டது. பிள்ளைகள் வரலாற்றைப் படிக்க வேண்டாம், அதற்குள் போய் வாழட்டும் என்பது டீச்சரின் திட்டம். மூன்று வாரத்துக்கு வகுப்பறை அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டம். பிள்ளைகள் பால் மரம் வெட்டும், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும், தொழிலாளிகள். நான் அவர்களை மேய்க்கும் மேஸ்திரி, தோட்டத்துப் பேச்சில் மண்டோர்.

2. ஒரே ஒரு விதி

சந்தையில் ஒரு காக்கித் தொப்பி வாங்கினோம். அது என் தலையில் இருந்தால் நான் மண்டோர். கழற்றினால் கேன்டீன் ஆன்ட்டி. விதி அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். தொப்பியோடு இருக்கும்போது, "ஆன்ட்டி, இன்னைக்கு நாசி லெமாக் இருக்கா?" என்று ஒருவன் வாய் தவறிக் கேட்டுவிட்டால், மற்றவர்களே அவனை அடக்கினார்கள்.

காலையில் பெரட்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவதை அப்படித்தான் சொல்வோம். பிறகு வாளியில் மாவு கரைத்த தண்ணீர், அதுதான் ரப்பர் பால். ஒருநாள் ஒரு வாளியை எட்டிப் பார்த்து உறுமினேன்.

"டேய், பால்ல தண்ணி கலந்துட்டியா?"

"இல்ல மண்டோரே. தண்ணியிலதான் மாவு கலந்தேன்."

மீசைக்குள் சிரிப்பை அடக்குவது ஏரோதாக நடிப்பதைவிடக் கஷ்டமான வேலை.

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். வாய் ஓயாது. ஆனால் அவள் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே மத்தியானம் வீட்டுக்குப் போகும். கேன்டீனில் மைலோ கொடுத்தாலும் குடிக்கமாட்டாள். "நீ என்ன ஒட்டகமாடி?" என்று கேலி செய்வேன். "ஆமா லா ஆன்ட்டி, முதுகப் பாருங்க" என்று கூன் போட்டுக் காட்டிவிட்டு ஓடுவாள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது என் தவறு.

3. மனு

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. தொழிலாளிகள் கூடிப் பேசி, குறைகளை எழுதி மண்டோரிடம் கொடுக்க வேண்டும். கூலி, மருந்து, குடிதண்ணீர் என்று அந்தக் காலத்துக் குறைகள் வரும், எல்லாவற்றையும் நீங்கள் மறுக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் ஆறு விதமான மறுப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

தர்ஷினி தாளை விரித்தாள். அதில் ஒரே ஒரு வரி.

"பொம்பளப் பிள்ளைங்க டாய்லெட் கதவுக்கு லாக்கு வேணும்."

நான் திகைத்துப்போனேன். கதவுத் தாழ்ப்பாள் போன வருஷமே கெட்டுப்போனது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன்கள் வந்து தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒட்டகத்தின் விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் தலையில் தொப்பி இருந்தது. மண்டோர் மறுத்தாக வேண்டும்.

"லாக்கா? நீங்க குடியிருக்கிற லயத்துக்கே கதவு இல்ல, ஒனக்கு லாக்கு கேக்குதா? போய் வேலையப் பாரு!"

தர்ஷினி தாளை மடித்தாள். "வாங்கடா" என்றாள். பதினாறு பேரும் கொடிக்கம்பத்துக்குப் போனார்கள். கதவைத் தள்ளிய பையன்களும் அதில் இருந்தார்கள்.

4. வெயில்

நான் தொப்பியைக் கழற்றி, "விளையாட்டு முடிஞ்சிருச்சு கண்ணுங்களா, எழுந்திரிங்க" என்றேன்.

"நாங்க ஒங்ககிட்ட பேசல ஆன்ட்டி. மண்டோர வரச் சொல்லுங்க" என்றாள் தர்ஷினி.

தலைமையாசிரியர் வெளியே வந்தார். நல்ல மனுஷர். ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் பள்ளியில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார். தாழ்ப்பாளுக்கு அவர் எழுதிய கடிதம் போய்ப் பல மாதம். பதில் வரவில்லை.

பத்து மணி வெயில். அவருக்குத் தலையில் முடி கிடையாது. "சார், சுடும்" என்று தொப்பியை நீட்டினேன். யோசிக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பதினாறு பேரும் துள்ளி எழுந்தார்கள். "மண்டோர் வந்துட்டாரு!"

தர்ஷினி தாளை நீட்டினாள். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். நான் செம்பனை மரத்தைப் பார்த்தேன். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி. திங்கக்கெழமை லாக்கு போட்டுத் தரேன். இப்ப எல்லாரும் வகுப்புக்குப் போங்க" என்றார். கைதட்டல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் தர்ஷினி அவரிடம் ஞாபகப்படுத்தப் போயிருக்கிறாள். "அது நாடகத்துல சொன்னதும்மா. நெஜத்துல அனுமதி வரணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, தொப்பி போட்டுக்கிட்டு சொன்னா அது கணக்கு இல்லையா?"

பத்தாங் காலியில் ஒரு மண்டோர், மழைக்கு முன்னால் எங்கள் கூரைக்குத் தகரம் போட்டுத் தருவதாகச் சொன்னார். மழை முதலில் வந்தது. அவரும் தொப்பி போட்டுக்கொண்டுதான் சொன்னார். இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நேராக அலுவலகத்துக்குப் போய், தொப்பியைத் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்தேன்.

"மேரி, நீங்கதான் என்னை மாட்டிவிட்டீங்க."

"வெயிலுக்குத்தான் குடுத்தேன் சார்." பாதி உண்மை அது. "அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணி குடிக்கிறதில்ல சார். கதவுக்குப் பயந்துகிட்டு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நான் கேன்டீனுக்குத் திரும்பிவிட்டேன். வேறு வேலை தேட வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். அது எனக்குப் புதிதில்லை.

5. திங்கட்கிழமை

காலையில் அடுப்பு பற்ற வைக்கும்போதே ட்ரில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கழிப்பறை வாசலில் தலைமையாசிரியர். கழுத்தில் டை, கையில் ட்ரில், தலையில் காக்கித் தொப்பி.

"சார், அனுமதி வந்துருச்சா?"

"ஹெட்மாஸ்டருக்கு வரல. மண்டோருக்கு எதுக்கு அனுமதி?"

தர்ஷினி பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தாள். "மண்டோரே, கோணலா இருக்கு."

"தோட்டத்துல இப்படித்தான் இருக்கும். உள்ள போய்ப் பூட்டிப் பாரு."

பூட்டினாள், திறந்தாள். மூன்று தடவை. பிறகு வரிசையில் நின்ற மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகப் பூட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெரட்டு அரை மணி நேரம் தாமதம்.

பிள்ளைகளோடு இந்த மாதிரி நாடகம் செய்யப்போகும் இளம் ஆசிரியர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தொப்பியைக் கழற்றினால் விளையாட்டு முடிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு கொடுத்த வாக்கு முடியாது. காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். முடியாது என்றால் என்னைப்போல மீசையை முறுக்கிக்கொண்டு மறுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று ஓய்வு நேரத்தில் தர்ஷினி காலி பாட்டிலோடு கேன்டீனுக்கு வந்தாள். "ரொப்பிக் குடுங்க ஆன்ட்டி." நிரப்பிக் கொடுத்தேன். அங்கேயே நின்று பாதியைக் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.