கட்டைவிரல் துளை

தங்கையின் கணவர் பையிலிருந்து அதை எடுத்து என் பட்டறை மேசையில் வைத்தார். கறுப்பில் நீலம் கலங்கிய பவுலிங் பந்து, பாதையில் உருட்டிக் குச்சிகளைச் சாய்க்கிற கனத்த பந்து. விரல் விட்டுப் பிடிக்க மேலே மூன்று துளைகள். அவர் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவர். லீவு நாட்களில் கம்பெனி அணிக்காக ஆடுவார்.

கோட்டாறில் என்னுடையது சின்ன லேத் பட்டறை. படகு எஞ்சின் சாமான் செய்வேன், பம்பு புஷ் கடைவேன். பந்தில் துளை போட்டதில்லை.

போன ஆட்டத்தில் கட்டைவிரல் துளைக்குள் மாட்டிக்கொண்டதாம். கை வீசிவிட்டது, பந்து விடவில்லை. மூட்டு பிசகி, ஓய்வுக்கு ஊர் வந்திருந்தார். வீக்கம் வடிந்தும் மூட்டு பழைய அளவுக்கு வரவில்லை. அந்தத் துளையை அடைத்து, சற்றுப் பெரிதாக, சற்றுச் சாய்வாகப் புதிதாகப் போட வேண்டும்.

"இறுக்கமா இருந்தா வெரலு வராது. தொளதொளன்னு இருந்தா கவ்விப் பிடிக்கணும், அப்பம் வீச்சு கோணும். நடுவுல ஒண்ணு இருக்கு மச்சான். அதத்தான் நீரு போடணும்."

"செரி" என்றேன். முடியாது என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

மாலையில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பந்து ஒடஞ்சா ஒடயட்டு. இன்னொருக்க வெரலு பிசகிச்சுன்னா அவியள கிரேன்ல ஏத்த மாட்டாவ. பாத்துச் செய்யுங்க."

அதன்பிறகு டிரில் பிட்டைப் பார்த்தாலே எனக்கு அந்த விரல்தான் தெரிந்தது.

அடைப்பதற்கு நான் அறிந்தது படகுக்குப் பூசும் ரெசின் பிசின்தான். தேங்காய்ப்பட்டணத்து பைபர் படகுகளின் வெடிப்பை அதில்தான் அடைப்போம். மழை நாளில் சீக்கிரம் இறுகுவதற்கு ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டுவது வழக்கம். அன்றும் மழை. கைப்பழக்கத்தில் கூட்டிவிட்டேன். படகில் அது மெல்லிய பூச்சு, இறுகும்போது வரும் சூடு காற்றோடு போய்விடும். இங்கே ஆழமான குழிக்குள் மொத்தமாக நின்றது. சற்று நேரத்தில் பந்தைத் தொட முடியவில்லை. துளையிலிருந்து புகை வந்தது. உள்ளே ஏதோ வெடித்த சத்தம். தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா? சுவரோடு ஒட்டி நின்றேன்.

டீ குடிக்கப் போயிருந்த தங்கை கணவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "என்னவே, பந்துக்குக் காய்ச்சலா?"

"தள்ளி நில்லும்" என்றேன்.

ஆறியபின் பார்த்தால் அடைப்புதான் வெடித்திருந்தது. பந்து தப்பியது. வெடித்த அடைப்பைக் குடைந்தெடுத்து, ஹார்ட்னரைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஆறக் காத்திருந்தேன்.

பிறகு துளை. இறுக்கிப் பிடிக்கும் வைஸில் உருண்டை நிற்காது. மரக்கட்டையில் குழி குடைந்து, சைக்கிள் டியூப் வைத்து இறுக்கினேன். பிட் கடித்துக்கொண்டால் பந்து கட்டையோடு சுழன்று நெஞ்சில் அடிக்கும். அந்தப் பயத்தைவிட, துளை விளிம்பில் ஒரு பிசிர் நின்றுவிடுமோ என்ற பயம் பெரிது. உப்புத்தாளால் தேய்ப்பேன், அவரைக் கூப்பிட்டு விரலை விட்டு இழுக்கச் சொல்வேன். மறுபடி தேய்ப்பேன்.

"வருதா?"

"வருது."

"இன்னொருக்க இழுத்துப் பாரும்."

"இது வெரலா மச்சான், கெணத்து வாளியா?"

நாகர்கோவிலில் ஒரு கடைக்கட்டிடத்தின் மாடியில் பவுலிங் பாதை இருக்கிறது. அங்கே போனோம். பந்து பழையபடி ஓடாது என்று வழியிலேயே சொன்னார். ரெசினின் எடை வேறு, சாய்வு மாறியதால் கை விடும் நேரமும் மாறும், உப்புத்தாள் பட்ட இடம் தரையைக் கூடுதலாகப் பிடிக்கும். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலையே பார்த்தேன். கை முன்னே வந்தது. பந்து தரையில் விழுந்து உருளும் சத்தம்.

"பாத்தேரா, இடது பக்கம் இழுக்குது. நான் கொஞ்சம் வலத்த நின்னு விட்டா செரியாவும்."

"வெரலக் காட்டும்" என்றேன்.

காட்டினார். மடக்கி நீட்டினார். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவர் அடுத்த வீச்சுக்குப் போனார். நான் எழுந்து இன்னும் பக்கத்தில் போய் நின்றேன்.

தங்கை போனில் கேட்டாள். "எத்தன குச்சி விழுந்துச்சு அண்ணே?"

அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.