கைக்குக் காவல்

பேருந்தில் பக்கத்தில் இருப்பவளின் தோளில் துணி கசங்கியிருந்தால் கத்திரியக்காவின் கை சும்மா இருக்காது. முன்பின் தெரியாதவளாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் நீவி விட்டுவிடுவாள். அந்தப் பெண் திரும்பி முறைத்தால், "ஒண்ணுமில்லம்மா, சுருக்கமா இருந்துச்சு" என்று அசடு வழியச் சிரிப்பாள்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுவது அவள் வேலை. அடுக்கிய துணியை உள்ளங்கையால் நீவிச் சுருக்கம் எடுத்த பிறகே கத்தி வைப்பாள். அந்தப் பழக்கம்தான் இப்போது அவள் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறது.

வெட்டுவதற்குத் தானியங்கி இயந்திரம் வந்துவிட்டது. அதை இயக்கப் பயிற்சி கொடுத்துத் தேர்வும் வைக்கிறார்கள். தேறாதவர்களுக்கு வேலை கிடையாது. கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் இப்படி ஓர் இயந்திரம் வந்துதான் வீட்டோடு இருக்கிறார். இவளும் போய் உட்கார்ந்தால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

திரையைத் தொட்டு அளவு கொடுப்பதெல்லாம் கத்திரியக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. சும்மா நிற்பதுதான் வரவில்லை. மேசையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஓட்டத்தின்போது கை அதைத் தாண்டினால் இயந்திரம் நின்று, சிவப்பு விளக்கு எரியும். தேர்வில் எரிந்தால் கதை முடிந்தது.

"அக்கா, காத்தை உறிஞ்சி அதுவே துணிய இழுத்துப் பிடிச்சுக்கும். நீங்க கைய உள்ள விடாதீங்க," என்று பயிற்சி தரும் பெண் கெஞ்சாத குறை.

"நானாம்மா விடுறேன்? அதுவா போவுது! இருபது வருசமா தொடுறதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப தொடாம இருக்கப் பரீட்சை வைக்கிறாங்க."

கணவர் தினமும் படுக்கை விரிப்பைக் கசக்கிப் போட்டு அவளை எதிரே நிறுத்துவார். "பாரு. ஆனா தொடாத." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், விரிப்பு பலகைபோல் ஆகிவிடும். "என்னடி இது?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். இருவருக்கும் சிரிப்பு வரும்; தேர்வு நினைவுக்கு வந்ததும் அடங்கிவிடும்.

தேர்வன்று இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பாதித் துணி ஒழுங்காக வெட்டுப்பட்டது. அப்போது தூரத்து மூலையில் லேசாக ஒரு சுருக்கம் எழும்பியது. கத்தி அதை நோக்கிப் போயிற்று. அவள் தோள் துடித்தது. பயிற்சி தந்த பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கத்திரியக்கா கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்றபடியே, உதட்டைக் குவித்து, எட்டாத அந்தச் சுருக்கத்தை 'ஃபூ ஃபூ' என்று ஊதத் தொடங்கினாள்.