கழற்றச் சொன்னது யார்?

கிரிஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது புணே நிக்டி காலனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பால்காரன், கேபிள்காரன், சொசைட்டி செகரட்டரி என்று யாரும் அவளிடம் தப்பியதில்லை. ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருக்கும். அவளும் அப்படித்தான் நம்பினாள், மற்றவர்களும் நம்பினார்கள். கடைசியில் அந்த நம்பிக்கையிலேயே அவள் புருஷன் மண்ணைப் போட்டார்.

பிம்ப்ரியில் ஜெர்மன்காரர்கள் பங்குபோட்டு நடத்திய ஒரு கம்பெனியில் அவள் ஸ்டெனோ. அவளுடைய ஜெர்மன் மேனேஜர் தொண்ணூற்று மூன்றில் ஊருக்குத் திரும்பியபோது தன் பழைய வெள்ளைக் காரை அவள் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுபதுகளில் வந்த வண்டி. ஊர் என்ன சொல்லுமோ என்று அவள் கணவர் ஜம்புநாதன் பயந்தார். ஊரும் சொல்லத்தான் செய்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கிரிஜா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் டிரைவிங் கற்றுக்கொண்டாள். யார் வண்டி என்று யாராவது கேட்டால், மனைவியுடையது என்று ஜம்புநாதன் சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்கு லேசில் வாயில் வராது.

மற்ற வண்டிகளில் பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலந்து எஞ்சினுக்குள் போகும். இந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன். புணேயின் மார்கழிக் குளிரிலும் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்துக்கொண்டிருக்கும்போது அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருந்தால் என்ன?

அப்பாவின் காரியத்துக்குத் திருச்சிக்குப் போய்விட்டுத் திரும்பியவளிடம், இன்ஜெக்‌ஷன் செத்துவிட்டது என்றார் ஜம்புநாதன். பார்ட்ஸ் இந்தியாவிலேயே கிடைக்காதாம். சிக்கலி ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் சாளுங்கேதான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்பாசடர் கார்புரேட்டர் ஒன்றை மாட்டச் சொன்னானாம், மாட்டியும் ஆயிற்றாம். கழற்றிய சாமானெல்லாம் எங்கே என்று கேட்டாள். பழைய இரும்போடு போய்விட்டது என்றார். அப்பா போன துக்கத்தில் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்றோடு வண்டியின் லட்சணம் போயிற்று. காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைக் கெஞ்ச வேண்டும். பின்னால் கறுப்புப் புகை, புடவையெல்லாம் பெட்ரோல் நாற்றம். மேட்டில் ஏறச் சொன்னால் இருமும். வேறு மெக்கானிக்குகள் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சாமானை எந்த மடையன் கழற்றினான் என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க அவளுக்குச் சாளுங்கே மேல் வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை லலிதா சஹஸ்ரநாமத்துக்குத் தமிழ்ப் பெண்கள் கூடுகிற பாமா வீட்டில், அவன் மெக்கானிக் இல்லை, திருடன், சாமானை விற்றுத் தின்றிருப்பான் என்றாள். ஒரு வெள்ளிக்கிழமையோடும் நிறுத்தவில்லை. பாஷை தெரியாத ஊரில் வந்து குடியேறியவர்களுக்குப் பால்காரனும் சரி, மெக்கானிக்கும் சரி, வாய்வார்த்தையில்தான். ஒருத்தி நல்லவன் என்றால் எல்லா வீடும் போகும். கிரிஜா திருடன் என்றாள், தமிழ் வீட்டு வண்டி ஒன்றுகூட அதற்குப் பிறகு அந்த ஷெட்டுக்குள் நுழையவில்லை.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே வண்டி அணைந்துவிட்டது. கேட்மேன் பச்சை பச்சையாகத் திட்டினான். வழியில் போனவர்கள் சேர்ந்து தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். கிரிஜா நேராகச் சாளுங்கேயின் ஷெட்டுக்கு ஓட்டிப்போய், அவர் தலைமுறையையே இழுத்துத் திட்டினாள்.

சாளுங்கே கொஞ்சம் பொறுத்தார். பிறகு கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வீசினார். இன்ஜெக்‌ஷன் கெட்டுவிட்டது என்று யார் சொன்னது, ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றச் சொன்னது உங்கள் சாகேப்தானே என்று இந்தியில் கத்தினார். வண்டி பாழாகும், வேண்டாம் என்று தான் தடுத்தும் சாகேப் கேட்கவில்லையாம். கழற்றியதை அவரே கோணியில் கட்டித் தன் ஆபீஸ் ஜெனரல் மேனேஜர் கோர்படேயின் பங்களாவுக்கு எடுத்துப்போனாராம். கோர்படேயிடமும் இதே மாதிரி வண்டி உண்டு. அதன் இன்ஜெக்‌ஷன்தான் நிஜமாகச் செத்துக் கிடந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே கிரிஜா தன் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்றுதான் சாளுங்கே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது தான்தான் என்று நினைக்க நினைக்க கிரிஜாவுக்கு உடம்பு கூசியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். சாளுங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாஃபி எனக்கு வேண்டாம், மேடம். திருடன்னு எங்க சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

கோர்படே கையெழுத்தில் ஜம்புநாதனுக்குப் பிரமோஷன் வந்தது, சாமானைக் கழற்றியதற்கு அடுத்த வருஷம். அன்று கிரிஜா காலனி முழுக்கக் கேசரி கொடுத்தாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியவானுக்குக் கேசரி வேறு!

வீட்டில் ஜம்புநாதன் முதலில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். கோர்படே பேரைச் சொன்னதும் அடங்கினார். பிரமோஷன் தனக்கு மட்டுமா வந்தது, குடும்பத்துக்குத்தானே என்றார். ஒரு பழைய காருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார்.

"கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன். உங்களுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்."

அது நிஜம். நிஜமாக இருந்ததுதான் அவளை இன்னும் எரித்தது. ஜம்புநாதன் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அந்தச் சாமானை உங்க ஜி.எம்.மே வெச்சுக்கட்டும். ஆனா ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் திருடன்னு என் வாயால சொல்ல வெச்சேள். அவன் இல்லேன்னு இப்போ உங்க வாயால சொல்லணும். வெள்ளிக்கிழமை பாமா ஆத்துக்கு வாங்கோ."

மானம் போய்விடும் என்று கெஞ்சினார். சாளுங்கேக்குப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்றார். அவள் காது கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைவரை சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை.

பாமா வீட்டில் கற்பூர ஆரத்தி முடிந்து சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. மனைவிமாரைக் கூட்டிப்போக வந்த ஆண்கள் வாசலில் நின்றார்கள். இவருக்கு ஒரு விஷயம் சொல்லணுமாம் என்று கிரிஜா ஜம்புநாதனை உள்ளே அழைத்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள். அவர், கார் விஷயத்தில் மெக்கானிக்குக்கும் தங்களுக்கும் ஏதோ ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று ஆரம்பித்தார்.

"கழட்டச் சொன்னது யாரு, சொல்லுங்கோ?" என்றாள் கிரிஜா.

ஜம்புநாதன் வாசலில் நின்ற ஆண்களை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான். இன்ஜெக்‌ஷன் நன்னாத்தான் இருந்தது. என் ஜி.எம்.முக்காக எடுத்துக் குடுத்தேன். சாளுங்கே எதையும் திருடலை."

சரி சரி, ஆனது ஆச்சு என்று பாமா சுண்டலை நீட்டினாள். கூட்டத்திலேயே மூத்தவர் தர்மாம்பாள் மாமி. காது கொஞ்சம் மந்தம், மனசு மந்தமில்லை. அவர் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு ஜம்புநாதனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா ஜம்பு, அவ அவனைத் திருடன் திருடன்னு கரிச்சுக் கொட்டறச்சே, நீயும் அவளைக் கூட்டிண்டு போக வந்து இதே வாசல்ல நின்னுண்டு ஆமா ஆமான்னு தலையாட்டினியே, அது எதுக்குடா?"

ஜம்புநாதன் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் நடுவில் அவர் திணறும்போதெல்லாம் முந்திக்கொண்டு பேசி அவரை மீட்டவள் அவள்தான். கிரிஜா வாயைத் திறக்காமல் எல்லோரையும்போல அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.