புரபேசன்

என்னை இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லி வீட்டில் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ரங்கூனில் அப்பாவுக்கு ரயில்வேயில் விளக்கு வேலை. பொழுது சாயும்போது சிக்னல் கம்பத்தில் ஏறி விளக்கை மாட்ட வேண்டும். விடிந்ததும் இறக்கித் துடைத்து எண்ணெய் ஊற்ற வேண்டும். அவருக்கு முழங்கால் வீங்கிக்கொண்டதால் விடியற்காலையில் கம்பம் ஏறுவது அண்ணன் தலையில் விழுந்தது. சாயங்காலத்தை அப்பாவே முக்கி முனகிச் சமாளித்தார். அண்ணன் புஸ்தகம் எடுப்பது அந்த நேரத்தில்தான்.

காலையில் கம்பத்திலிருந்து இறங்கிக் காலேஜுக்கு ஓடுவான். முதல் மணி வகுப்பு தவறிவிடும். கையில் மண்ணெண்ணெய் நாற்றம் என்று கடைசி பெஞ்சில் போய் உட்காருவானாம். "வாத்தியார் பேசுற இங்கிலீஷ் அதுவரைக்கும் வராது, பாப்பா" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பான்.

ஒருநாள் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் வீட்டில் இல்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு.

"வாசி தாயி, பாப்போம்" என்றார் அப்பா.

பாதி எனக்குப் புரியவில்லை. ஒரு நீள வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டி, "புர... பே... சன்" என்றேன்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அடியே, இங்க வா! உன் மவனைப் புரபேசன்ல போட்டுட்டாங்க!"

அந்த வார்த்தை அம்மாவுக்கும் தெரியும். அப்பா ஏழு வருஷம் தினக்கூலியாகக் கிடந்த பிறகுதான் அவரைப் புரபேசனில் வைத்தார்கள். அது முடிந்ததும் வேலை நிரந்தரம். அம்மா பாயசம் வைத்தாள். பக்கத்து வீட்டு பர்மாக்காரிக்கும் ஒரு கிண்ணம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணன் வந்து கடிதத்தை நின்றபடியே வாசித்தான்.

"இனி உனக்கென்ன ராசா, கெட்டியா உக்காந்துட்டே. சாயங்கால விளக்கையும் நீயே பாத்துக்க. என் காலும் ஆறட்டும்" என்றார் அப்பா.

அண்ணன் வாயைத் திறந்தான். அம்மா அதில் ஒரு கரண்டி பாயசத்தை ஊட்டிவிட்டாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த பரீட்சையோடு அவன் பேரைக் காலேஜில் அடித்துவிட்டார்கள். அதைச் சொல்லி வந்த கடிதத்தை ஸ்டேஷன் கிளார்க்குதான் வாசித்தார். புரபேசன் என்றால் காலேஜில் கடைசி எச்சரிக்கை என்றும் அவரே சொன்னார்.

"பொட்டச்சி படிச்ச லட்சணம்" என்று அப்பா என் சிலேட்டைப் பரணில் தூக்கிப் போட்டார். அத்தோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. நான் வாசித்ததில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அண்ணன் கடைசிவரை அந்த சிக்னல் கம்பத்தில்தான் ஏறி இறங்கினான். பாயசம் நிறைந்த வாயோடு அன்றைக்கு அவன் சிரித்ததை, நான் நன்றாக வாசித்ததற்காக என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.